ஜப்பானிய எழுத்தும் அடிப்படை வார்த்தைகளும்: இங்கிலீஷ் வழியா சுத்தாம தமிழ்ல இருந்தே நேரா போறது எப்படி

ஜப்பானீஸ் ஆரம்பிக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் முதல்ல பண்றது என்னன்னா, ஒரு இங்கிலீஷ் ஆப்பை டவுன்லோடு பண்ணி, ஜப்பானிய வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல படிச்சு, அர்த்தத்தை இங்கிலீஷ்ல புரிஞ்சுக்கிட்டு, அப்புறம் மனசுக்குள்ள அதை தமிழுக்கு கொண்டு வர்றது. இவ்வளவு சுத்து தேவையே இல்ல. எழுத்து வரிசை, குறில் நெடில், இது அதுன்னு சுட்டிக் காட்டுறது, வாக்கியம் அமையுற விதம்னு எத்தனையோ விஷயத்துல தமிழ்ல இருந்து ஜப்பானீஸுக்கு போற வழி இங்கிலீஷ்ல இருந்து போறத விட ரொம்ப கிட்ட. அதை முதல் நாள்லயே பயன்படுத்திக்கணும்னு தான் இதை எழுதுறேன். பக்கத்துல ஒரு ஹிரகானா சார்ட் திறந்து வச்சுக்கிட்டு படிங்க, சும்மா ஹிரகானா சார்ட்னு தேடினாலே நூறு கிடைக்கும், ஆடியோவோட இருக்குறதா பார்த்து எடுங்க.

முதல்ல எழுத்து. மூணு வகை இருக்கு, மூணும் ஒரே வாக்கியத்துல கலந்து வரும். ஹிரகானா 46 எழுத்து, ஜப்பானிய சொந்த வார்த்தைகளுக்கும் விகுதிகளுக்கும். கதகானா 46 எழுத்து, அதே சத்தங்கள் தான், ஆனா வெளிநாட்டு வார்த்தைகளுக்கு. கான்ஜி, சீனாவுல இருந்து வந்த சித்திர எழுத்து, பொதுப் பயன்பாட்டுக்குன்னு அரசாங்கம் 2010ல திருத்தி வெளியிட்ட பட்டியல்ல 2136 இருக்கு. இந்த 2136ஐ பார்த்து பயந்து ஓடிடாதீங்க. ஜப்பான் ஸ்கூல்ல ஒண்ணாம் கிளாஸ் குழந்தைக்கு ஒரு வருஷத்துக்கே 80 தான் சொல்லிக் குடுக்குறாங்க.

இப்போ ஹிரகானா சார்ட்டோட முதல் வரியை பாருங்க. அ, இ, உ, எ, ஒ. நம்ம அஞ்சு குறில், அதே வரிசை. அடுத்து மெய் வரிசை, க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்ம க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ-ல இருந்து அவங்ககிட்ட இல்லாத சத்தத்தை எல்லாம் எடுத்துட்டு பாருங்க, க ச த ந ப ம ய ர வ, கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ப இருக்க வேண்டிய இடத்துல ஹ இருக்கே என்னன்னு தோணும், பழைய ஜப்பானீஸ்ல அந்த வரிசை ப-வா தான் இருந்துச்சு, பிற்பாடு தான் ஹ-வா மாறிச்சு. இந்த ஒற்றுமை தற்செயல் இல்ல, புத்த பிக்குகள் சமஸ்கிருத மந்திரங்களை படிக்கிறதுக்காக சித்தம்ங்கிற இந்திய எழுத்தை கத்துக்கிட்டாங்க, அந்த வழியா போன வரிசை இது. (தமிழும் ஜப்பானீஸும் ஒரே குடும்பம்னு சுசுமு ஓனோன்னு ஒரு ஜப்பானிய அறிஞர் ரொம்ப காலம் வாதாடினாரு, பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கல. நமக்கு அது வேண்டாம், அமைப்பு ஒத்துப் போறதே போதும்.) ஆக, இங்கிலீஷ்காரங்க தனியா மனப்பாடம் பண்ற இந்த வரிசை நமக்கு ரெண்டு நிமிஷ வேலை. டிக்ஷனரி, பேர் பட்டியல், போன் கீபோர்டு எல்லாம் இந்த வரிசையில தான் இருக்கும், அதனால இது நல்லாவே உதவும்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. தமிழ்ல க தெரிஞ்சா கொம்பு போட்டு கி கு கெ எல்லாம் எழுதிடலாம். அங்க அது நடக்காது. க-வுக்கும் கி-க்கும் உருவத்துல எந்த சம்பந்தமும் இல்ல, 46ம் தனித்தனி உருவம். அதனால ஒரு நாளைக்கு ஒரு வரிசை, அஞ்சு எழுத்து, அதுக்கு மேல வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒண்ணு எடுங்க, கட்டத்துக்கு ஒரு எழுத்து, ஒவ்வொண்ணையும் பார்த்து நாலஞ்சு தடவை எழுதிட்டு அப்புறம் பார்க்காம எழுதுங்க. பார்த்து நூறு தடவை எழுதுறதுல கை தான் வலிக்கும், பார்க்காம யோசிச்சு எழுதுறப்போ தான் மனசுல உக்காரும். கோடு எழுதுற வரிசையையும் சேர்த்தே பழகிக்கோங்க, மேல இருந்து கீழ, இடது பக்கத்துல இருந்து வலது பக்கம், படுக்கைக் கோடும் நிமிர்ந்த கோடும் வெட்டிக்கிட்டா பெரும்பாலும் படுக்கைக் கோடு முதல்ல. இந்த பழக்கம் பின்னாடி கான்ஜிக்கும் அப்படியே வரும்.

வார்த்தைக்காக 46ம் முடியுற வரை காத்திருக்க வேண்டாம். முதல் வரிசை அஞ்சு எழுத்தை மட்டும் வச்சே இஎ வீடு, உஎ மேல, அஒ நீலம், அஉ சந்திக்கிறது, அஇ அன்பு, இவ்வளவு வந்துடும். ரெண்டாவது நாள் க வரிசை சேர்ந்ததும் கஒ முகம், எகி ஸ்டேஷன், இகு போறது, கஉ வாங்குறது. மூணாவது நாள் அஸ காலை, கஸ குடை, இஸு நாற்காலி. அப்புறம் தெ கை, குத்ஸு ஷூ, நெகொ பூனை, இனு நாய். இப்படி தெரிஞ்ச எழுத்தை மட்டும் வச்சு எழுதக்கூடிய வார்த்தையா பார்த்து சேர்த்துக்கிட்டே போனா எழுத்தும் வார்த்தையும் ஒரே சமயத்துல ஏறும், பத்து நாள்ல ஹிரகானாவோட கையில ஐம்பது வார்த்தையும் இருக்கும்.

ஒரே மாதிரி இருக்குற எழுத்துங்க தான் நிறைய பேரை குழப்பும், அதனால அதை ஜோடி ஜோடியா பக்கத்துல வச்சு பாருங்க. ரு, ரொ ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும், கடைசியில சின்ன சுழி இருந்தா ரு, இல்லன்னா ரொ. நு, மெ ஜோடியும் அதே கதை, வால்ல சுழி இருந்தா நு. நெ, ரெ, வ மூணுக்கும் இடது பக்கம் ஒரே குச்சி, முடியுற இடத்தை மட்டும் பாருங்க, சுழிச்சா நெ, வெளிய விசிறினா ரெ, உள்ள வளைஞ்சு நின்னா வ. ஹ-வுக்கும் ஹொ-வுக்கும் மேல ஒரு படுக்கைக் கோடு தான் வித்தியாசம். அப்புறம் கி, ஸ மாதிரி எழுத்துங்க பிரிண்ட்ல ஒட்டியும் கையெழுத்துல பிரிஞ்சும் இருக்கும், ரெண்டும் ஒரே எழுத்து தான், கையால எழுதுறப்போ பிரிச்சே எழுதுங்க.

அடுத்தது சத்தம், நம்ம ஆளுங்க கவனமா இருக்க வேண்டிய இடம் இது. தமிழ் எழுத்துல ஒரே க தான், கல்-லயும் அது தான், தங்கம்-லயும் அது தான், இடத்தை பொறுத்து நம்ம வாய் தானா மாத்திக்கும். ஜப்பானீஸ்ல அது ரெண்டும் ரெண்டு சத்தம், அர்த்தமே மாறும். கல்-ல வர்ற க-வுக்கு மேல வலது மூலையில ரெண்டு சின்ன கோடு போட்டா தங்கம்-ல வர்ற க. அதே மாதிரி த மேல போட்டா பந்து-ல வர்ற த, ஹ மேல போட்டா கம்பம்-ல நடுவுல வர்ற ப. ஹ மேல கோட்டுக்கு பதிலா குட்டி வட்டம் போட்டா பல்-ல வர்ற ப. எகி-ன்னு மேல எழுதினேனே, அதை தமிழ் பழக்கத்துல படிச்சா நடுவுல இருக்குற க மெலிஞ்சு போயிடும், அங்க கல்-ல வர்ற க-வையே அழுத்தி சொல்லணும், அதுக்காக எக்கின்னு ரெட்டிக்கவும் கூடாது. இன்னும் மோசம் ன், ம் பக்கத்துல வர்றப்போ. கென்கி-ன்னா நல்லா இருக்கேன், ஆரோக்கியம். முதல் எழுத்து தங்கம்-ல வர்ற க, கடைசி கி கல்-ல வர்ற மாதிரி. நம்ம வாய் இதை நேர் தலைகீழா சொல்லும், ஏன்னா தமிழ்ல முதல் எழுத்து வல்லினமா அழுத்தி வரும், மெல்லினத்துக்கு பின்னாடி மெலியும். தெம்புரான்னு சொல்றப்போ ம்-க்கு அப்புறம் வர்ற பு கம்பு-ல வர்ற பு-வா ஆகக் கூடாது. இதனால தான் நோட்டுல ஜப்பானிய வார்த்தையை தமிழ் எழுத்துலயே எழுதி வச்சுக்காதீங்கன்னு சொல்றேன். இந்தக் கட்டுரையில வேற வழி இல்லாம நான் எழுதுறேன், நீங்க ஹிரகானாவுல எழுதுங்க. அர்த்தம் தமிழ்ல இருக்கட்டும், வார்த்தை அதோட எழுத்துல இருக்கட்டும், நடுவுல மூணாவது எழுத்து எதுவும் வேண்டாம்.

நமக்கு ரொம்ப சாதகமான விஷயம் மாத்திரை. இங்கிலீஷ்காரங்க ரொம்ப நாள் தடுமாறுற இடம் இது. ஒஜிஸன்னா மாமா, சித்தப்பா வயசு ஆளு, ஒஜீஸன்னா தாத்தா. குறில் நெடில் மாறினா ஆளே மாறிடுவாரு. ஒதொ-ன்னா சத்தம், ஒத்தொ-ன்னா கணவர், நடுவுல ஒரு ஒற்று தான் வித்தியாசம், அந்த ஒற்றை த்ஸு எழுத்தை சின்னதா போட்டு காட்டுவாங்க. படு பாடு, படு பட்டு வித்தியாசம் தெரிஞ்ச நமக்கு இதுல கஷ்டமே இல்ல. ஒரே ஒரு திருத்தம், தமிழ்ல ஒற்றுக்கு அரை மாத்திரை, அங்க ஒற்றுக்கும் ன்-க்கும் முழு மாத்திரை. நிஹொன்-ன்னு (ஜப்பான்) சொன்னா மூணு தட்டு, நி, ஹொ, ன். கையால தாளம் போட்டுக்கிட்டே சொல்லிப் பழகுங்க. எழுதுறப்போ ஓ நெடிலை பெரும்பாலும் ஒ-வுக்கு பின்னாடி உ போட்டும், ஏ நெடிலை எ-வுக்கு பின்னாடி இ போட்டும் எழுதுவாங்க, அதனால டோக்கியோ எழுத்துல தொ, உ, க்யொ, உ-ன்னு நாலு தட்டா தெரியும், படிக்கிறது ரெண்டு நெடிலா. அந்த உ சத்தமும் உதட்டை குவிக்காம சொல்ற நம்ம குற்றியலுகரம் மாதிரி தான், மரியாதையா வாக்கியத்தை முடிக்கிற தெஸு-வுல கடைசி உ அமுங்கி தெஸ்-ன்னு தான் கேக்கும்.

கதகானாவை நிறைய பேர் தள்ளிப் போடுவாங்க, அது தப்பு, ஹிரகானா முடிஞ்ச உடனே எடுத்துடுங்க. சத்தம் எல்லாம் ஏற்கெனவே தெரிஞ்சது, உருவம் மட்டும் தான் புதுசு, அதுலயும் ஹெ ரெண்டுலயும் ஒண்ணே, க, ரி மாதிரி சிலது நல்லாவே ஒத்துப் போகும். வார்த்தையும் பாதி நமக்கு தெரிஞ்சது தான், ஹொதெரு ஹோட்டல், பஸு பஸ், தொஇரெ டாய்லெட், தெரெபி டிவி. எல்லாமே இங்கிலீஷ்னு நினைச்சுடாதீங்க, ரொட்டிக்கு பன்-னு சொல்றது போர்ச்சுகீஸ்ல இருந்து வந்தது, பார்ட் டைம் வேலைக்கு அருபைதொ-ன்னு சொல்றது ஜெர்மன். இதுல நெடிலுக்கு ஒரு கோடு போட்டுடுவாங்க, சுலபம். குழப்புறது ஷி, த்ஸு ஜோடி. குட்டிக் கோடு ரெண்டும் இடது பக்கம் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா இருந்து பெரிய கோடு கீழ இருந்து மேல ஏறினா ஷி, குட்டிக் கோடு ரெண்டும் மேல பக்கத்துல பக்கத்துல இருந்து பெரிய கோடு மேல இருந்து கீழ இறங்கினா த்ஸு. அதே விதியில ஒரே ஒரு குட்டிக் கோடு இருந்தா முதல் வகை ன், ரெண்டாவது வகை ஸொ.

வார்த்தைகளை தனித்தனியா பொறுக்காம கூட்டம் கூட்டமா எடுங்க. முதல் கூட்டம் கொரெ, ஸொரெ, அரெ, தொரெ. இங்கிலீஷ் புக்ல இதுக்கு அரைப் பக்கம் விளக்கம் இருக்கும், தமிழ்ல ஒரு வரி தான், இது, உது, அது, எது. என் பக்கத்துல இருந்தா கொரெ, கேக்குற உங்க பக்கத்துல இருந்தா ஸொரெ, ரெண்டு பேருக்கும் தூரமா இருந்தா அரெ. யாழ்ப்பாணத்துத் தமிழ்ல உது இன்னும் புழக்கத்துல இருக்கு, அவங்களுக்கு இது பேச்சுவழக்கே. இங்க, உங்க, அங்க, எங்க மாதிரி கொகொ, ஸொகொ, அஸொகொ, தொகொ. ஒரு எழுத்து மாறி நாலு வார்த்தை, அப்படியே அடுத்த நாலுக்கும், அஸொகொ-ல மட்டும் ஒரு எழுத்து கூட வரும்.

ரெண்டாவது, குடும்பம். அக்கா, தங்கச்சி, அண்ணன், தம்பிக்கு தனித்தனி வார்த்தை அங்கயும் உண்டு, ஒனேஸன், இமோதொ, ஒனீஸன், ஒதோதொ. இங்கிலீஷ் வழியா படிச்சா மூத்த சகோதரி இளைய சகோதரின்னு பிரிச்சு பிரிச்சு யோசிக்கணும். ஒரு விஷயம் மட்டும் புதுசா பழகணும், நம்ம அம்மாவை பத்தி வெளி ஆள்கிட்ட சொல்றப்போ ஹஹ, அம்மாவை கூப்பிடவும் அடுத்தவங்க அம்மாவை சொல்லவும் ஒகாஸன். அக்கா அண்ணனுக்கும் இதே மாதிரி, நம்ம அக்காவை வெளிய சொல்றப்போ அனெ, நம்ம அண்ணன்னா அனி.

எண்கள் நம்மளோடத விட சீரா இருக்கும். பத்து ஜூ, ரெண்டு நி, இருபது நி ஜூ, பன்னெண்டு ஜூ நி. தொண்ணூறு தொள்ளாயிரம் மாதிரி வளைவு நெளிவு குறைவு, நூறுல முந்நூறு, அறுநூறு, எண்ணூறு மட்டும் சத்தம் கொஞ்சம் மாறும். 4, 7, 9க்கு ரெண்டு ரெண்டு பேர் இருக்கு, அதை மாசப் பேர்லயும் மணியிலயும் வர்றப்போ அப்படியே பழகிக்கோங்க, தனியா பட்டியல் போட வேண்டாம். பெரிய எண்ணுல தான் கவனம் வேணும், அங்க பத்தாயிரம் ஒரு அலகு, அதுக்கு பேர் மன். ஒரு லட்சம்னா பத்து மன், ஒரு கோடின்னா ஆயிரம் மன். விலை, சம்பளம் எல்லாம் மன் கணக்குல தான் பேசுவாங்க, மாத்திப் பார்க்க முதல்லயே பழகிடுங்க.

கான்ஜியை எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா கிழமையில ஆரம்பிங்கன்னு தான் எப்பவும் சொல்வேன். ஜப்பானிய கிழமைக்கு பின்னாடி கிரகம் இருக்கு, நம்ம கிழமைக்கும் அப்படித்தான், வரிசையும் ஒண்ணே. ஞாயிறுக்கு சூரியன் எழுத்து, திங்களுக்கு நிலா எழுத்து. செவ்வாய்க்கு நெருப்பு எழுத்து, ஏன்னா செவ்வாய் கிரகத்துக்கு அங்க கஸே-ன்னு பேர், நெருப்பு நட்சத்திரம். புதனுக்கு தண்ணி, வியாழனுக்கு மரம், வெள்ளிக்கு தங்கம், சனிக்கு மண், எல்லாம் அந்தந்த கிரகத்தோட எழுத்து தான். இங்கிலீஷ்ல படிக்கிறவங்களுக்கு செவ்வாய்க்கிழமைக்கும் செவ்வாய் கிரகத்துக்கும் பேர்லயே தொடர்பு தெரியாது, நமக்கு ரெண்டும் ஒரே வார்த்தை. ஏழு கிழமை கத்துக்கிட்டா ஏழு கான்ஜி கையில, ஏழும் ஒண்ணாம் கிளாஸ் எழுத்து, தங்கத்துக்கு 8 கோடு, மண்ணுக்கு 3, மத்ததெல்லாம் 4 கோடு.

இந்த ஏழை வச்சே எவ்வளவு தூரம் போகலாம்னு பாருங்க. மர எழுத்து ஒரு படுக்கைக் கோடு, நடுவுல ஒரு நிமிர்ந்த கோடு, ரெண்டு பக்கமும் சாய்ஞ்ச கிளை. அதை ரெண்டு தடவை பக்கத்துல பக்கத்துல எழுதினா தோப்பு, மூணு எழுதினா காடு. மரத்தோட அடியில ஒரு குட்டிக் கோடு போட்டா வேர், மூலம்னு அர்த்தம், புத்தகம்னும் அர்த்தம். சூரியன் எழுத்துக்கு பின்னாடி அந்த மூலம் எழுத்தை போட்டா நிஹொன், சூரியன் உதிக்கிற இடம், ஜப்பான். மனுஷன் எழுத்து இடது பக்கம் ஒல்லியா நின்னு பக்கத்துல மரம் இருந்தா ஓய்வு. சூரியனும் நிலாவும் சேர்ந்தா வெளிச்சம். இப்படி பெரிய கான்ஜி பெரும்பாலும் சின்ன துண்டுகளோட கூட்டு தான், அதனால புதுசா ஒண்ணை பார்த்தா கோடு கோடா எண்ணாம உள்ள என்னென்ன துண்டு இருக்குன்னு பாருங்க.

கான்ஜிக்கு ஒண்ணுக்கு மேல உச்சரிப்பு இருக்குறது தான் எல்லாரையும் பயமுறுத்தும். தமிழ்ல தனியா வந்தா தண்ணி, ஜலதோஷம்னு சேர்ந்து வர்றப்போ ஜலம், நாம யாரும் இதை விதியா படிச்சதில்ல. அங்கயும் அதே நிலைமை, தண்ணி எழுத்து தனியா நின்னா மிஸு, அது சொந்த ஜப்பானிய வார்த்தை, வேற கான்ஜியோட சேர்ந்து வந்தா பெரும்பாலும் ஸுயி, அது சீனாவுல இருந்து வந்த உச்சரிப்பு. ஒரு எழுத்தை எடுத்து அதோட எல்லா உச்சரிப்பையும் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்றது வீண் வேலை. வார்த்தையா படிங்க. தண்ணி ஒரு வார்த்தை, புதன்கிழமை இன்னொரு வார்த்தை, ரெண்டும் தெரிஞ்சா ரெண்டு உச்சரிப்பும் தானா வந்துடுச்சு.

மறக்காம இருக்க அங்கி (Anki)-ங்கிற ஃப்ளாஷ் கார்டு ஆப் போதும், கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்டுலயும் இலவசம். ஞாபகம் இருக்குற கார்டை தள்ளித் தள்ளியும் மறந்த கார்டை சீக்கிரமாவும் காட்டும். அடுத்தவங்க பண்ண ரெண்டாயிரம் வார்த்தை கார்டு கட்டை இறக்குறத விட நீங்களே கார்டு போடுங்க, முன்பக்கம் ஜப்பானிய எழுத்துல வார்த்தையும் ஒரு சின்ன வாக்கியமும், பின்பக்கம் உச்சரிப்பு ஹிரகானாவுல, அர்த்தம் தமிழ்ல. ஒரு நாளைக்கு பத்து புது கார்டு தாராளம். ரிவ்யூ சேர்ந்து போச்சுன்னா புதுசை நிறுத்திட்டு பழசை முடிங்க, ரிவ்யூவை விட்டுட்டு புதுசா சேர்த்துக்கிட்டே போறதுல பிரயோஜனம் இல்ல.

போன்ல ஜப்பானிய கீபோர்டு சேர்க்குறப்போ ரோமன் எழுத்து டைப் வேண்டாம், பன்னெண்டு பட்டன் கானா (ஹிரகானா, கதகானா ரெண்டுக்கும் பொதுப் பேர்) டைப்பை எடுங்க. அ, க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ-ன்னு நம்ம வரிசையிலயே பட்டன் இருக்கும். தொட்டா அ, இடது பக்கம் தள்ளினா இ, மேல உ, வலது பக்கம் எ, கீழ ஒ. நாலு நாள் இதுல வார்த்தை டைப் பண்ணிப் பாருங்க, சார்ட் முழுக்க விரல்ல வந்து நிக்கும். கையால எழுதுறது கானா முழுசுக்கும் முதல் நூறு கான்ஜிக்கும் கண்டிப்பா வேணும்னு நான் நினைக்கிறேன், அதுக்கு மேல பார்த்தா அடையாளம் தெரிஞ்சா போதும், டைப் பண்றப்போ சரியானதை நீங்க பொறுக்கி எடுக்கத் தெரியணும் அவ்வளவு தான்.

வார்த்தை ஒரு இருநூறு சேர்ந்ததும் வாக்கியமா கோர்க்க ஆரம்பிங்க, வினை கடைசியில, வேற்றுமை உருபு பெயருக்கு பின்னாடி, நம்ம மாதிரியே. எகி கர இஎ மதெ, ஸ்டேஷன்ல இருந்து வீடு வரைக்கும், வார்த்தைக்கு வார்த்தை அப்படியே உக்காரும். கடைசியில க சேர்த்தா கேள்வி, நம்ம ஆ மாதிரி. சாப்பிட்டுப் பாருன்னு சொல்றோமே, அங்கயும் சாப்பிட்டு-வோட பார்க்குறதை தான் சேர்க்குறாங்க, தபெதெ மிரு. உருபுகள்ல மூணை மட்டும் எழுதுறது ஒண்ணு படிக்கிறது ஒண்ணு, ஹ எழுதி வ-ன்னும், ஹெ எழுதி எ-ன்னும், வொ எழுதி ஒ-ன்னும் படிக்கணும். கொன்னிச்சிவ-ன்னு வணக்கம் சொல்றோமே, அதோட கடைசி எழுத்தும் அந்த ஹ தான்.

பரீட்சை எழுதணும்னா ஜே.எல்.பி.டி, அதாவது ஜப்பானிய மொழித் திறன் தேர்வு இருக்கு, 1984ல இருந்து நடக்குது, 2010ல இருந்து அஞ்சு நிலை, அதுல என்5 தான் ஆரம்பம். ஜூலையிலயும் டிசம்பர்லயும் நடக்கும், ஊருக்கு ஊர் மாறும், சில இடத்துல வருஷத்துக்கு ஒரு தடவை தான். எல்லாமே குடுத்த விடைகள்ல ஒண்ணை தேர்ந்தெடுக்குற மாதிரி தான், பேசவோ எழுதவோ சொல்ல மாட்டாங்க. 2010க்கு அப்புறம் வார்த்தைப் பட்டியல்னு எதையும் அவங்க வெளியிடுறதில்ல, வெளிய சுத்துற என்5 லிஸ்ட் எல்லாம் மத்தவங்க தொகுத்தது, அதை வழிகாட்டியா மட்டும் வச்சுக்கோங்க.

படிக்கிறதுக்கு சின்னப் பசங்களுக்கான கதையும் மங்காவும் (ஜப்பானிய காமிக்ஸ்) எடுங்க, அதுல கான்ஜி மேல குட்டியா ஹிரகானாவுல உச்சரிப்பு போட்டிருப்பாங்க, ஃபுரிகானா-ன்னு பேர். கண்ணு நேரா அந்த குட்டி எழுத்துக்கு தான் ஓடும், அதனால ஒரு பேப்பர் துண்டை வச்சு அதை மறைச்சுட்டு முதல்ல கான்ஜியை படிக்க முயற்சி பண்ணுங்க, அப்புறம் நகர்த்தி சரியான்னு பாருங்க, வரலன்னா அந்த வார்த்தையை அன்னைக்கே கார்டுல ஏத்திடுங்க.